படிமுறை காட்டும் கணினி

பதினோராந் தரத்துக் கணிதப் பாடநூலில் இருபடிச் சமன்பாடுகள் என்னும் அத்தியாயத்தை ஆசிரியர் கரும்பலகையில் தொடங்குவதற்கு முன்பாகவே, அதிலுள்ள பயிற்சிக் கணக்குகளுக்கெல்லாம் கைத்தொலைபேசியில் விடை கண்டு கொப்பியில் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகள், கற்பிட்டியிலும் முந்தலிலும் உடப்பிலும் புத்தளம் நகரிலும் இன்று இருக்கிறார்கள் என்பது பெற்றோரும் ஆசிரியரும் ஒருங்கே அறிந்த விஷயமே. வினாவின் மேல் கமராவைப் பிடித்த மாத்திரத்தில் விடை வருகிறது. விடை மட்டுமா, அவ்விடைக்குச் செல்லும் வழியும் முதற்படி, இரண்டாம் படி என்று வரிசையாக, கெட்டிக்கார மாணாக்கன் ஒருவன் எழுதினாற்போல வந்து நிற்கிறது. இதனைக் கண்டு பூரிக்கும் பெற்றோர் உளர்; கண்டதும் தொலைபேசியைப் பறித்து மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டும் ஆசிரியரும் உளர். பூட்டுவது வீண் என்பதும் பூரிப்பது அவசரம் என்பதும் என் அபிப்பிராயம். இந்தக் கருவியைப் பிள்ளையின் கையில் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த படி யாது என்று தீர்மானிப்பது பிள்ளையாகவும், தீர்மானித்ததைச் செய்து காட்டும் ஏவலாள் கணினியாகவும் இருக்கும்படி கொடுக்க வேண்டும். இன்று நடப்பதோ இதற்கு நேர்மாறு.

சாதாரணக் கணிகருவிக்கும் நான் இங்கே குறிப்பிடும் மென்பொருளுக்கும் உள்ள பேதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கணிகருவி எண்களை மட்டுமே அறியும். 65இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் 8.0622 என்று தொடங்கும் தசமத்தைத் தந்து ஓய்ந்துவிடும். அட்சரகணித மென்பொருளோ எழுத்துகளையும் குறிகளையும் அவை நிற்கும் நிலையிலேயே கையாளும். √65 என்பதை √65 என்றே வைத்திருந்து, அதனை வர்க்கித்தால் பிசகின்றி 65 என்று மீட்டுத் தரும். தெரியாக்கணியத்தை ஓர் எழுத்தாகக் கொடுத்து, அதனோடு கூட்டவும் பெருக்கவும் காரணியாக்கவும் கட்டளையிட்டால், அவ்வெழுத்தின் பெறுமானம் இன்னதென்று அறியாமலே அவ்வளவையும் செய்து முடிக்கும். இவ்வகை மென்பொருள் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் மசச்சூசற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மக்சைமா என்னும் பெயரோடு இம்முயற்சி தொடங்கியது 1968இல். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மேப்பிள் உருவாகத் தொடங்கியது 1980இல். மத்தமெட்டிக்கா வெளிவந்தது 1988இல். பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுவேலைக்காக இவற்றை எவரும் ஆக்கவில்லை. பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட கோவைகளோடு மல்லாடிய பௌதிகவியலாரும் வானியலாரும் தம் கை ஓய்ந்துபோகாதிருக்கும் பொருட்டே இவற்றை வேண்டினார்கள்.

அந்த மல்லாட்டம் எத்தகையது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சந்திரனின் இயக்கத்தை அட்சரகணிதக் கோவையாக எழுதப் புகுந்த பிரெஞ்சு வானியலறிஞர் சார்ல் டெலோனே, இருபது ஆண்டுக் காலம் காகிதமும் பேனையுமாக உழைத்து, 1860இலும் 1867இலும் இரண்டு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். நூறாண்டு கழித்து, 1970இல், அறிஞர் மூவர் அக்கணக்கு முழுவதையும் கணினியில் மீண்டும் செய்து பார்த்தபோது, அத்தனை பக்கங்களிலும் அகப்பட்ட பிழைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. மனிதனைக் கணினி வென்றது என்பதற்கு உதாரணமாக இதனைச் சிலர் எடுத்துக் கூறுவதுண்டு. எனக்கோ, சரிபார்க்கும் பணியே இக்கருவிக்குச் சாலப் பொருந்திய பணி என்பதற்கு இது சான்றாகப் படுகிறது; டெலோனே தம் கணக்கைத் தாமே எழுதியிராவிட்டால், கணினி எதனைச் சரிபார்த்திருக்கும்?

இனி, நம் கரையில் நின்றே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாலாவியிலும் புத்தளம் களப்பின் ஓரத்திலும் வெயிற்காலத்தில் வரிசையாய் மினுங்கிக் கிடக்கும் உப்புப் பாத்திகளைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, நீளம், அகலம், பரப்பளவு என்பன பாடநூலைத் திறந்து அறியவேண்டிய கருத்துகளல்ல. அத்தகைய பிள்ளை ஒன்றிடம், ஒரு பாத்தியின் நீளம் அதன் அகலத்திலும் 10 மீற்றர் கூடியது, பரப்பளவு 39 சதுர மீற்றர், அகலம் யாது என்று கேட்போம். இவ்வளவு ஒடுங்கிய பாத்தியை எந்த உப்பளக்காரரும் கட்டமாட்டார் என்பது மெய்தான். எண்கள் என்னுடையனவல்ல, ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாத் நகரிலிருந்து அல் குவாரிஸ்மி எழுதிய நூலில் உள்ளவை. அகலத்தை ய என வைத்தால் நீளம் ய + 10; ஆகவே ய² + 10ய = 39.

இதனைத் தீர்க்க அல் குவாரிஸ்மி ஒரு விதியைச் சொன்னதோடு நிற்கவில்லை. அதற்குப் படமும் கீறிக் காட்டினார். ஈரமண்ணில் ஒரு குச்சியால் நாமும் கீறலாம். ஒரு பக்கம் ய ஆக உள்ள ஒரு சதுரம். அதனோடு ஒட்டியபடி, 10 மீற்றர் நீண்டு ய அகலமுள்ள ஒரு துண்டு. இரண்டுஞ் சேர்ந்ததே நம் பாத்தி. அந்த நீண்ட துண்டை நடுவே வெட்டி, ஐந்து ஐந்தாக இரண்டு துண்டாக்கி, ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டு, மற்றதைப் பெயர்த்துச் சதுரத்தின் அடுத்த பக்கத்தில் ஒட்டினால், உருவம் ஏறக்குறைய ஒரு பெருஞ்சதுரமாகிவிடுகிறது. ஒரு மூலை மட்டும் வெறுமையாய்க் கிடக்கிறது. அந்த மூலை ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 சதுர மீற்றர். அதனையும் நிரப்பிவிட்டால் மொத்தப் பரப்பு 39உம் 25உம் சேர்ந்து 64. 64க்குரிய சதுரத்தின் பக்கம் 8. எட்டில் ஐந்து போக ய என்பது 3. பாடநூல் வர்க்கபூர்த்தி என்று பெயரிட்டிருக்கும் முறை இவ்வளவே. (1344இல் இபுன் பதூதா புத்தளக் கரையில் வந்திறங்கிக் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைக் கண்டு வியந்தபோது, இந்தப் படத்துக்கு ஐந்நூறு வயது கடந்திருந்தது.)

இதே கணக்கைக் கைத்தொலைபேசியிடம் கொடுத்தால், அதுவும் பிழையில்லாமலே செய்யும். இரு பக்கத்தோடும் 25ஐக் கூட்டுக என்ற வரி வரும்; ஏன் 25 என்று நோக்கினால், 10இன் பாதியை எடுத்து வர்க்கித்தது என்ற விதியும் வரும். அந்த 25 வெறுமையாய்க் கிடந்த மூலையின் பரப்பு என்ற செய்தி பெரும்பாலும் வருவதில்லை. வரிகளைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு விதி தெரியும். விதி பிறந்த இடம் தெரியாது. அடுத்த வாரம் 10க்குப் பதிலாக 7 வந்து, பாதி பின்னமாகியபோது, அந்தப் பிள்ளை திகைத்து நிற்பதற்குக் காரணம் சோம்பலன்று. பற்றிக்கொள்ள அதனிடம் ஒரு படம் இல்லை.

இங்கே, இக்கருவியை மெச்சுவோர் பலர் கவனியாத ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். திரையில் நாம் காணும் படிகள் பெரும்பாலும் கணினி தன் விடையைக் கண்டடைந்த படிகள் அல்ல. பெருங்கோவைகளைக் காரணியாக்கும்போது இம்மென்பொருள்கள், ஒரு முதன்மை எண்ணால் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக்கொண்டு காரணிகளைத் தேடிப் பிடித்து, பின்பு அவற்றை முழுவெண்களுக்கு உயர்த்திக் கொண்டுவரும் உபாயங்களைக் கையாளுகின்றன. 1960களின் பிற்பகுதியில் எல்வின் பெர்ல்காம்ப் முதலியோர் வகுத்த அவ்வுபாயங்களைப் பதினோராந் தரத்தில் எவரும் கற்பிப்பதில்லை, கற்பிக்கவும் இயலாது. தொகையிடலில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: உள்ளே நடப்பது ஒன்று; மாணாக்கனுக்குக் காட்டுவதற்கென்றே, மனிதன் எப்படிச் செய்திருப்பான் என்பதைப் பின்பற்றி எழுதப்பட்ட வேறொரு நிரல் உண்டாக்கித் தருவது மற்றொன்று. 2009இல் வந்த வொல்ஃப்ரம் அல்ஃபா என்னும் இணையக் கருவி காட்டும் படிகள் இவ்விதமே ஆக்கப்பட்டவை. அவற்றை முழுமையாகக் காண்பதற்குச் சந்தாவும் கட்ட வேண்டும். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. ஆயினும் கணினி எவ்வாறு சிந்தித்தது என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அது பார்ப்பது கணினியின் சிந்தனையை அன்று. எங்கோ ஒரு மென்பொருள் நிலையத்தில் இருந்த ஒருவர், பள்ளிப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று மதித்து வைத்த அளவையே பார்க்கிறது.

ஆகையால் படிகளை அச்சடித்துத் தரும் கருவியிலும், படிகளைத் தானாகத் தராத கருவியே பள்ளிக்கு உகந்தது என்று கூறத் துணிகிறேன். மக்சிமா என்ற மென்பொருள் அத்தகையது. முன்னே சொன்ன மக்சைமாவின் ஒரு வடிவத்தைத் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷெல்ற்றர் 1982 முதல் தனியொருவராகப் பேணி வந்து, 1998இல் அதனை எவரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிய அனுமதியை வாங்கி உலகுக்கு வழங்கினார். 2001இல் அவர் காலமான பின்பும் தொண்டர் பலர் அதனை வளர்த்து வருகின்றனர். பழைய கணினியிலும் அது ஓடும். ஆண்ட்ராய்ட் தொலைபேசிக்கும் ஒரு வடிவம் உண்டு. ஒருமுறை இறக்கிவிட்டால் இணைய இணைப்பு வேண்டியதில்லை என்பதனால், டேட்டாவுக்குக் காசு கணக்குப் பார்க்கும் வீடுகளுக்கும் அது ஏற்றதே.

அதனிடம் நம் பாத்திக் கணக்கைக் கொடுக்கும் பிள்ளை, தீர் என்ற ஒரே கட்டளையில் 3, −13 என்ற இரண்டு விடைகளையும் பெற்றுவிடலாம். அந்தக் கட்டளையை ஆசிரியர் ஒரு பாடவேளைக்கு விலக்கி வைப்பாராக. பிள்ளை சமன்பாட்டுக்கு ஒரு பெயரிட்டு, அதனோடு இன்னதைக் கூட்டு என்று எழுதினால், மக்சிமா இரு பக்கத்தோடும் அதனைக் கூட்டிக் காட்டும். எதனைக் கூட்டவேண்டும் என்பதை மட்டும் அது சொல்லாது. பாதியாக்க மறந்த பிள்ளை 10இன் வர்க்கமாகிய 100ஐக் கூட்டச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ய² + 10ய + 100 = 139 என்று வரும்; இடப்பக்கத்தைக் காரணியாக்கு என்றால், கொடுத்த கோவை கொடுத்தபடியே திரும்பி வரும். கண்டனமுமில்லை, சிவப்பு மையுமில்லை, காரணியாகவில்லை, அவ்வளவுதான். பிள்ளை யோசிக்கத் தொடங்கும் கணம் அது. பின்பு 25 என்று திருத்தி, மீண்டும் காரணியாக்கச் சொன்னால், (ய + 5)² என்று கோவை ஒடுங்கி நிற்பதைக் காணும்போது பிள்ளைக்கு உண்டாகும் திருப்தி, அச்சடித்து வந்த ஐந்து படிகளைப் பார்த்து எழுதியதனால் ஒருக்காலும் உண்டாகாது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இடப்பக்கத்தின் வர்க்கமூலத்தை எடு என்று கட்டளையிட்டால், மக்சிமா ய + 5 என்று எழுதுவதில்லை. அதன் இருபுறமும் நிலைக்கோடுகளை நிறுத்தி, |ய + 5| என்று எழுதுகிறது. குறி நேரோ மறையோ, பருமன் மட்டுமே 8 என்று எனக்குத் தெரியும் என்பது அக்கோடுகளின் பொருள். பரீட்சை விடைத்தாள்களில் பிள்ளைகள் ஓயாது இழக்கும் புள்ளிகளுள், சக எட்டோடு சய எட்டையும் எழுத மறப்பதனால் இழப்பவை கணிசமானவை என்பதைக் கணித ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆசிரியர் நூறுமுறை சொல்லியும் பதியாத ஒன்று, இவை என்ன கோடுகள் சேர் என்று பிள்ளையே கேட்டுவிட்டால் பதிந்துவிடும்.

ஆனால் இந்த ஏவலாள் மிகப் பணிவானது; அதுவே அதன் ஆபத்தும் ஆகும். ய² = 5ய என்ற சமன்பாட்டைக் கொடுத்து, இரு பக்கத்தையும் ய ஆல் வகு என்று பிள்ளை சொன்னால், மறுவார்த்தை பேசாமல் வகுத்து, ய = 5 என்று எழுதிவிடும். ய பூச்சியமாக இருக்கக்கூடுமே, பூச்சியத்தால் வகுக்கலாமா என்று அது கேட்பதில்லை. பிள்ளை சொன்னதைச் செய்தது; ஒரு மூலம் சத்தமின்றிக் காணாமற் போயிற்று. இப்போதுதான், விலக்கி வைத்த கட்டளையை ஆசிரியர் வெளியே எடுக்க வேண்டும். தீர் என்றதும் 0, 5 என இரண்டு விடைகள் வரும். நாம் வகுத்த வழியில் ஒன்று, தீர் என்ற கட்டளையில் இரண்டு. பூச்சியம் எந்தப் படியில் தவறி விழுந்தது என்று தேடுங்கள் என்று வகுப்பைப் பணித்தால், அந்த அரைமணி நேரத்தில் நடப்பதே அட்சரகணிதம். கணினி இல்லாத வகுப்பிலும் இதனைச் செய்யலாம் என்பது உண்மையே. கணினி இருந்தால், பிள்ளையின் பிழையை வெளிக்காட்டும் பழி ஆசிரியரைச் சேராது. பிள்ளையும் நாணி ஒடுங்காது.

கணினிக்கு எட்டாத பகுதி ஒன்றும் இருக்கிறது. அது கணக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளது. பாத்தியைப் பார்த்துச் சமன்பாட்டை அமைத்தது கணினியன்று. கிடைத்த இரு விடைகளுள் −13ஐத் தள்ளியதும் கணினியன்று. மறை அகலமுள்ள பாத்தி உலகில் இல்லை என்பது அதற்குத் தெரியாது. சில வேளை, தள்ளவேண்டிய விடை மறைக்குறி போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுப்பதுமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் தம் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கூட்டத்தைப் பற்றிக் கணக்கொன்று போட்டிருக்கிறார்: கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்து, எஞ்சியதை வர்க்கித்த தொகையினவான குரங்குகள் குகைக்குள் புகுந்தன, ஒன்று மட்டும் மரக்கிளையில் தெரிந்தது, கூட்டத்தில் எத்தனை? மென்பொருளிடம் கேட்டால் 50, 5 என்ற இரண்டையும் தரும். இரண்டும் நேரெண்கள், இரண்டும் சமன்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் ஐந்து குரங்குகளின் ஐந்திலொரு பங்கு ஒன்றே. ஒன்றில் மூன்றைக் குறைத்தால் மறை இரண்டு. மறை இரண்டு குரங்குகளை எவர் கண்டார்? வர்க்கித்ததனால் அந்த அபத்தம் நான்கு என்று வேஷம் மாறி உள்ளே நுழைந்துவிட்டது. மறையெண்ணை உலகோர் இவ்விடத்தில் ஏற்கமாட்டார் என்று கண்டு, ஐந்தை விலக்கி ஐம்பதைக் கொண்டார் பாஸ்கரர். அந்த விவேகத்தைத் திரையில் தேடிப் பயனில்லை. இக்காலத்தில் வந்துள்ள, பேச்சுக்குப் பேச்சு விடைகூறும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வசனக் கணக்கையும் சமன்பாடாக மாற்றுகின்றனவே என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். மாற்றுகின்றன, சில வேளை பிழையாகவும், பிழை என்று தோன்றாத அளவு சரளமாகவும் மாற்றுகின்றன. சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைக்கே அவற்றாலும் பிரயோசனம்.

நம் சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள், அதன் குறைகள் எவையாயினும், இந்த ஒரு விஷயத்தில் புத்திசாலித்தனமாகவே அமைந்திருக்கிறது. இருபடிச் சமன்பாட்டை வெறுமனே கொடுத்துத் தீர்க்கச் சொல்வதோடு நில்லாமல், ஓர் உருவத்தைக் கொடுத்து, அதன் பக்கம் இன்ன சமன்பாட்டைத் திருப்தியாக்குகின்றது எனக் காட்டுக என்று முதலில் கேட்கிறது; பின்பு ஒரு வர்க்கமூலத்தின் அண்ணளவான பெறுமானத்தைத் தானே தந்து, நீளத்தைக் காணச் சொல்கிறது. காட்டுக என்ற அந்தச் சொல்லுக்குத்தான் கணிசமான புள்ளி. கைத்தொலைபேசியில் படி பார்த்து எழுதிய பிள்ளை தடுக்கி விழும் இடமும் அதுவே. கணிதச் சித்தியை இவ்வளவு பெரிதாக மதிக்கும் நாட்டில், அங்கே விழுவது சிறிய விழுகையன்று.

இக்கரையின் நிலைமையையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைப் புத்தளமும் கற்பிட்டியும் வரவேற்று இடங்கொடுத்தபோது வகுப்பறைகள் நெருங்கின. அந்த நெருக்கத்தின் தழும்பு இன்னும் முற்றாக ஆறவில்லை. கணித ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால், பதிலாள் வரும்வரை அந்தப் பாடவேளை விளையாட்டாகக் கழியும் பாடசாலைகள் உண்டு. தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும், வெங்காயத் தோட்டத்துக் கூலியாளின் பிள்ளைக்கும், 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைக்கு வந்த தொலைபேசியே பல நாள் ஆசிரியராக இருந்தது. அந்தப் பிள்ளையிடம் போய், படிமுறை காட்டும் கருவியைத் தொடாதே என்று உபதேசிக்க எனக்கு மனம் வரவில்லை. வசதியுள்ளவன் வீட்டில் தனியாசிரியர் செய்யும் வேலையை இல்லாதவன் வீட்டில் அது அரைகுறையாகவேனும் செய்கிறது. நாட்டின் மின்வலைக்கு 900 மெகாவாற்று வழங்கவல்ல நுரைச்சோலை நிலையத்தை மடியில் வைத்திருக்கும் இக்கரையில், பாடசாலைக் கணினிக் கூடம் சாவி தொலைந்தோ பொறுப்பாளர் இல்லாமலோ பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போதுதான் மனம் கசக்கிறது.

மொழியின் விஷயமும் இருக்கிறது. திரையில் வரும் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. குறிகளை விளங்கிக்கொள்ளும் நம் பிள்ளை, குறிகளுக்கிடையே உள்ள காரணத்தை விளங்கிக்கொள்ளாமல் தாண்டிச் செல்வதற்கு இதுவும் ஒரு ஹேது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான யாழ்ப்பாணத்துக் கறோல் விசுவநாதபிள்ளை, 1855இலேயே வீசகணிதம் என்ற நூலைத் தமிழில் எழுதி அச்சேற்றினார். சமன்பாட்டின் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் செல்கிறோம் என்பதைத் தமிழ் வாக்கியத்தில் சொல்லலாம் என்பதற்கு அந்நூலே அத்தாட்சி. நான்கு ஆண்டுகளின் பின், நம் கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் சரிதத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். மொழிக்கு மொழி கொடுக்கவும் வாங்கவும் அக்காலத்தார் கூசவில்லை. மஹரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம், பாடநூலின் ஒவ்வோர் இருபடிக் கணக்குக்கும், எந்தப் படியில் என்ன செய்தோம் என்பதோடு ஏன் செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் தமிழ் விளக்கங்களை எழுதுவித்து, ஈ-தக்சலாவ என்னும் கல்வி இணையதளத்தில் இட்டால், அதற்கு ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் மதியபோசனச் செலவை மிஞ்சாது.

கருவியைக் கொடுத்தால் பிள்ளை கையால் செய்யும் திறனை இழந்துவிடாதா என்று கேட்கும் மூத்த ஆசிரியர்களின் அச்சத்தை நான் எள்ளவில்லை. எண்சுவடியை மனனஞ் செய்த தலைமுறை மடக்கை அட்டவணையைப் பார்த்து அஞ்சியிருக்கும். மடக்கை அட்டவணையில் வளர்ந்தவர்கள் கணிகருவியைப் பார்த்து அஞ்சினார்கள். அந்த அச்சங்கள் முழுதும் பொய்யாகிவிடவுமில்லை. ஒஸ்திரியக் கணிதவியலாளர் புருனோ புக்பெர்கர், தாமே இம்மென்பொருள்களுக்கு அடித்தளமான முறையொன்றைக் கண்டவர், 1990இல் இதற்கு ஒரு வழி வகுத்தார். ஒரு பகுதியைப் புதிதாகக் கற்கும்போது உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்படி கையால் செய்ய வேண்டும். அது கைவந்தபின், அதற்கு மேற்பட்ட பகுதியைக் கற்கும்போது, முன்னதைக் கணினியிடம் விட்டுவிடலாம். இதன்படி, பத்தாந் தரத்தில் காரணியாக்கல் பழகும் பிள்ளை காரணியாக்கு என்ற கட்டளையைத் தொடலாகாது. பதினோராந் தரத்தில் வர்க்கபூர்த்தி பழகும்போது அக்கட்டளையைத் தாராளமாகத் தொடலாம். தடையும் அனுமதியும் பிள்ளையின் வயதைப் பொறுத்தனவல்ல, கற்கும் பகுதியைப் பொறுத்தன என்ற இந்த நியாயம், முழுத்தடை விதிக்கும் அதிபருக்கும், முழுச் சுதந்திரம் கொடுக்கும் தந்தைக்கும் ஒருசேரச் சொல்லத்தக்கது.

புத்தளம், சிலாபம் ஆகிய இரு வலயக் கல்வி அலுவலகங்களும் மனம் வைத்தால், இதனை வரும் ஆண்டிலேயே தொடங்கலாம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியரும் கணித ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளை ஒன்றாக நின்று, பதினோராந் தரத்தை மக்சிமாவின் முன்னோ, அதுபோன்ற இலவச மென்பொருளான ஜியோஜிப்ராவின் முன்னோ இருத்தட்டும். பத்துக் கணினியில் ஆறு பழுதென்றால், நான்கின் முன் மூவர் மூவராக இருக்கட்டும். மூவர் வாதாடிக்கொண்டு செய்யும் கணக்கு, ஒருவர் மௌனமாகச் செய்வதிலும் நன்று. தொலைபேசி கக்கிய படிகளை ஆசிரியரே அச்செடுத்து, அவற்றுள் ஒரு வரியை வேண்டுமென்றே பிழையாக மாற்றி வகுப்பில் கொடுத்து, எந்த வரி பொய் என்று கேட்கட்டும். பார்த்து எழுதிப் பழகிய கைக்கு அதைவிடச் சிறந்த மருந்து நான் அறியேன். பரீட்சை மண்டபத்துக்குள் கருவி வரவேண்டும் என்று நான் கோரவில்லை. மண்டபம் இன்றுள்ளபடியே இருக்கட்டும். பரீட்சைத் திணைக்களத்திடம் வேண்டுவது ஒன்றே. மாணவன் ஒருவன் ய² = 5ய என்பதை ய ஆல் வகுத்து 5 என்ற ஒரே விடையைப் பெற்றான், அவன் செய்த தவறு யாது என்ற மாதிரியில் ஒரு வினாவை இரண்டாம் வினாத்தாளில் வைத்து, அதற்கு மூன்று புள்ளி ஒதுக்கட்டும்; அவ்வாண்டு வினாத்தாள் வெளியான மறுவாரமே, தனியார் வகுப்புகள் உட்பட எல்லா வகுப்புகளிலும் அந்தப் பாடம் நடக்கத் தொடங்கிவிடும்.